நாடிக்குக் கீழே ஒரு கறுப்பு

"ஒரு வீட்டில் இரண்டு பறவைகள் வளர்க்கலாம், இரண்டும் ஒரே இனமாக இருக்க வேண்டும்." டென்மார்க்கின் இஷொயில் நாங்கள் குடியிருந்த மாடிக் கட்டிடத்தின் விதி இது. இதைக் காட்டித்தான் கட்டிட நிர்வாகி, பக்கத்து வீட்டு டேனிஷ்காரரிடம் ஒரு பறவையை அகற்றச் சொன்னார்.

பக்கத்து வீட்டுக்காரர் இளைப்பாறிய ரயில் சாரதி. கண்ணாடி அடைத்த பல்கனியில் தென்னமெரிக்க மலைத் தனேஜர் குருவிகள் இரண்டு வைத்திருந்தார். ஆணும் பெண்ணும் என்று சொல்லி அவருக்கு விற்றிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டு ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். நான் ஊரில் அரசாங்கக் கச்சேரியில் கையெழுத்துகளை ஒப்பிட்டே கண் தேய்ந்து, இளைப்பாறி மகனிடம் வந்தவன்.

இரண்டுக்கும் நீலச் செட்டை, மஞ்சள் வயிறு, கறுத்த முகம். ஒன்றுக்கு உச்சியில் அகன்ற மஞ்சள் பட்டை, தொண்டையும் மஞ்சள். மற்றதற்குப் பிடரியில் மட்டும் மஞ்சள் கீற்று, பாசி நிற முதுகு, நாடிக்குக் கீழே ஒரு கறுப்பு. நூலகப் புத்தகமோ இரு வகையிலும் ஆணும் பெண்ணும் ஒரே தோற்றம் என்றது. ஆக, இனம் வேறுதான். ஆனால் ஒன்று கொப்பு மாறினால் மற்றதும் கூடவே மாறியது.

"பிரித்தால் செத்துவிடும். பனி போனதும் என் தோட்டக் குடிலுக்குக் கொண்டுபோவேன். அதுவரை?" என்றார்.

"மேன்முறையீடு செய்வோம். பதில் வரும்வரை ஒருவரும் கைவைக்க ஏலாது."

நிர்வாக சபைக்கு அழகாக எழுதினேன். கச்சேரிப் பழக்கத்தில் 'உரிய வழியூடாக' என்று தலைப்பில் போட்டு, அந்த நிர்வாகியிடமே கையளித்தேன்.

"அவனுக்கு எதிரான கடிதத்தை அவனிடமா கொடுத்தாய்? தபால் பெட்டி எதற்கு இருக்கிறது?" கிழவரின் முகம் சிவந்தது.

"மேலதிகாரியின் ஊடாகப் போகாத கடிதம் எங்கள் நாட்டில் கடிதமே இல்லை."

தனக்கு எதிரான முறையீட்டைத் தன்னிடமே தருபவரை நிர்வாகி அதற்கு முன் கண்டதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் மேசைத் தட்டில் போட்டுவைத்தார். கிழித்தும் எறியலாமே என்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் தபால் பெட்டியடிக்கு இறங்குவேன்; வெறுமையாக இருந்தாலும் பின்னேரம் மறுபடி இறங்குவேன். சுவருக்கு அப்பால் பறவைகள் தாவின, இப்பால் நான்.

"என்னப்பா, ஒண்டும் வரேல்லை எண்டு ஏன் சிரிக்கிறியள்?" என்றாள் மனைவி.

"வராட்டித்தான் நல்லம்."

ஏப்ரலில் பனி கரைந்தது. கிழவர் இரண்டையும் ஒரே கூட்டில் வைத்து, துணி போர்த்தி, ரயிலில் குடிலுக்குக் கொண்டுபோனார்.

"இனங்கள் வேறு. ஒன்றை உடனடியாக அகற்றவும்." சபையின் பதில் வந்தது, மே மாத முதல் திங்கள்.