பெரியப்பாவுக்குக் கொடுத்த சுருதி

ஏழாம் வகுப்புப் படித்தபோது நான் ஒரு மேதை என்று எங்கள் வீட்டில் இரண்டு பேர் நம்பினார்கள். ஒருவர் என் பெரியப்பா. இன்னொருவர் நான். ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் நடந்த கீபோர்டு வகுப்புக்குப் போக ஆரம்பித்து எட்டு மாதம் ஆகியிருந்தது. சினிமாப் பாட்டுக்குக் கார்டு பிடிக்க, அதாவது சேர்ந்து ஒலிக்கும் கட்டைகளை ஒன்றாக அழுத்த, தெரியும். அதற்குள் தலைக்கனம் வந்துவிட்டது.

பெரியப்பாவுக்குப் பவர்லூம் ஷெட்டில் வேலை. நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நிற்பவர். ஷெட்டில் முதலாளி சொன்னதுதான் சட்டம், வீட்டில் பெரியம்மா சொன்னதுதான் சட்டம். ஆனால் புரட்டாசி சனிக்கிழமைகளில் எங்கள் தெரு பஜனையில் முதல் குரல் அவருடையது. அவர் ஒரு வரி பாடினால் தெருவே திருப்பிப் பாடும். அவர் பேச்சு எடுபட்ட ஒரே இடம் அதுதான்.

ஆவணியில் அவர் மகளுக்கு, எங்கள் அக்காவுக்குக் கல்யாணம். வரவேற்பில் ஒரு பாட்டுப் பாட வேண்டும் என்று பெரியப்பாவுக்கு ஆசை. "பாப்பா வாசிக்கட்டும், நான் பாடறேன்" என்று அறிவித்துவிட்டார். வீட்டில் ஒரு வாரம் பழகினோம். நான் சி கார்டை அழுத்துவேன். அதிலிருந்து சுருதி பிடித்துக்கொண்டு அவர் ஆரம்பிப்பார். ஒரு முறைகூடத் தப்பியதில்லை.

வரவேற்புக்கு இரண்டு நாள் முன்பு கீபோர்டு மாஸ்டர் இன்வர்ஷன் சொல்லிக்கொடுத்தார். சி கார்டு என்றால் சி, ஈ, ஜி என்று மூன்று கட்டைகள். அதே மூன்றை ஜி அடியில் வரும்படி மாற்றியும் பிடிக்கலாம். அப்படிப் பிடித்தால் அடுத்த கார்டுக்குக் கை தாவ வேண்டாம், விரல்கள் கொஞ்சம் நகர்ந்தால் போதும். பார்ப்பதற்குப் பெரிய வித்வான் வாசிப்பது மாதிரி இருக்கும். கூடவே மாஸ்டர் ஒன்று சொன்னார். "பாடறவங்களுக்கு மொதல்ல நேர் கார்டு குடுத்துடு. அவங்க ஆரம்பிச்ச அப்புறம் நீ எப்டி வேணா திருப்பிக்கோ." அதை நான் சட்டை செய்யவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் செய்யாறிலிருந்து ஒரு பஸ் நிறைய வந்திருந்தார்கள். முன்வரிசையில் என் வகுப்புப் பெண்கள் இருவர் போனைத் தூக்கிப் பிடித்தபடி வீடியோவுக்குத் தயாராக இருந்தார்கள். நேர் கார்டெல்லாம் கற்றுக்குட்டிகளுக்கு என்று நினைத்துக்கொண்டு, புதிதாகக் கற்ற இன்வர்ஷனையே ஓங்கி அழுத்தினேன். பெரியப்பா கண்ணை மூடிச் சுருதி பிடித்தார். பஜனை ஆர்மோனியத்தில் எப்போதும் அடியில் ஒலிப்பதுதான் ஸா. அந்தப் பழக்கத்தில் அடியில் இருந்த ஜியைப் பிடித்துக்கொண்டு பாட ஆரம்பித்தார். நானோ சியில் போய்க்கொண்டிருந்தேன். இரண்டாவது வரியிலேயே அவர் நிறுத்திவிட்டார். மறுபடியும் சுருதி கேட்டார். நான் மறுபடியும் அதையே, இன்னும் பலமாக, கொடுத்தேன். அவரும் மறுபடியும் அங்கேயே போய் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

அப்பா மேடையோரம் வந்து, "இன்னா ஆச்சு?" என்று கேட்டார்.

"பெரியப்பாவுக்கு சுருதி சேரல" என்றேன்.

பக்கத்தில் இருந்த மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. பெரியப்பா சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "நீ வாசிம்மா, நான் கேட்டுகினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கினார். நான் தனியாக வாசித்து முடித்தேன். நல்ல கைதட்டல். கொஞ்சமும் கூசாமல் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வகுப்பில் நடந்ததை மாஸ்டரிடம் ஒரு நகைச்சுவையாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. நான் பிடித்த அதே கார்டை அழுத்தி, அடியில் இருந்த ஸ்வரத்தைப் பாடிக் காட்டினார். "அவரு சரியாத்தான் புடிச்சிருக்காரு. நீ குடுத்ததுதான் தப்பு" என்றார். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று மாடிப்படி இறங்கும்போதே முடிவு செய்தேன். எங்கள் தெருமுனை வருவதற்குள் அந்த முடிவு கரைந்துவிட்டது.

அன்று சாயங்காலம் பெரியப்பாவே எங்கள் வீட்டுக்கு வந்தார். பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கீபோர்டு அருகே தரையில் உட்கார்ந்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன்.

"பாப்பா, நீ முறையா கத்துகினு இருக்கே, உனக்குத் தெரியும். ஷெட்டு சத்தத்துல எனக்குக் காது போயிகினு இருக்குதா? மறைக்காம சொல்லு."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் யாருக்கும் வாய்க்காது. ஒரே ஒரு வாக்கியம் போதும். சொன்னால் மண்டபத்தில் வாங்கிய கைதட்டல் என்ன ஆகும் என்றுதான் யோசித்தேன்.

"கொஞ்சம் இருக்கலாம் பெரியப்பா."

அவர் தலையை மெல்ல ஆட்டிவிட்டு எழுந்து போனார். அவர் கோபப்படவில்லை என்று எனக்கு அப்படி ஒரு நிம்மதி. பொய்யைவிட அந்த நிம்மதியை நினைத்தால்தான் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

அந்தப் புரட்டாசியில் பக்கத்து வீட்டுக்காரர் முதல் குரல் எடுத்தார். பெரியப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து தாளம் போட்டார். கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றார். காதைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. நானும் கடைசி வரிசையில்தான் இருந்தேன், அவர் பக்கம் திரும்பாமல்.

அதன் பிறகு அவர் ஷெட்டுக்குக் கிளம்பும்போது இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொள்ள ஆரம்பித்தார். முப்பது வருஷம் தறியில் நின்றவருக்கு இப்போது என்ன புது வழக்கம் என்று பெரியம்மா கேட்டாள். தான் கூப்பிடுவது காதில் விழக் கூடாது என்றுதான் இந்த வேலை என்றும் சொன்னாள். வீடே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.