எல்க் வேட்டைக்கு முன் ஒரு வேலி

மெர்லின் டெஷ் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தவன். அதற்காக அவன் ஒருநாளும் தலைகுனிந்தது கிடையாது. மேற்கு விஸ்கான்சினில் எங்கள் பக்கத்துப் பண்ணை வீடுகளில் எந்தக் குழாயைத் திறந்தாலும், பாதிக்குப் பாதி அவன் துளைபோட்ட கிணற்றுத் தண்ணீர்தான் வரும். கல்லூரியில் படித்த ஒருவர் கருவியை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சுற்றி வந்து, இங்கே தண்ணீர் கிடையாது என்று கையை விரித்த இடம் ஒன்று உண்டு. மெர்லின் அங்கே போய் பூட்ஸ் காலால் நாலு தட்டுத் தட்டிப் பார்த்தான், இயந்திரத்தை இறக்கினான். நூற்று எண்பது அடியில் தண்ணீர். இரவல் லாரியில் ஆரம்பித்தவனுக்கு ஐம்பத்திரண்டு வயதில் மூன்று லாரிகள், மூன்றின் கதவிலும் அவன் பெயர். யாரும் தூக்கிக் கொடுத்ததில்லை.

மான் வேட்டையும் அப்படித்தான். பன்னிரண்டு வயதில் துப்பாக்கியைப் பிடித்தவன், நாற்பது நவம்பர் வேட்டைப் பருவங்களில் வெறுங்கையோடு வீடு திரும்பியதில்லை. இரண்டு வருஷம் திரும்பினான். அந்த இரண்டுக்கும் காரணம் உண்டு.

ஆகவே இரண்டாயிரத்து இரண்டு பிப்ரவரியில், வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்கு ஊரே கூடியிருந்த மதுக்கடையில், "இந்த வருஷம் நானும் கோர்டியும் கொலராடோ போறோம், எல்க் மான் அடிக்க" என்று அவன் அறிவித்தபோது ஒருவரும் சந்தேகப்படவில்லை. கோர்டி வானெக் அவன் மனைவி ஆர்டிஸின் அண்ணன், பால் லாரி ஓட்டுபவன். அவனுக்கு இடது முழங்கால் தேய்ந்துவிட்டது. அடுத்த குளிர்காலத்தில் அதை எடுத்துவிட்டு வேறு வைப்பதாக டாக்டர் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு மலை ஏறுவதெல்லாம் நடக்காது. போனால் இந்த அக்டோபர்தான்.

கொலராடோவிலிருந்து உறை வந்தது. மெர்லின் அதைச் சமையலறை மேஜையில் கொட்டினான். தடித்த புத்தகம் ஒன்று, விண்ணப்பம் இரண்டு, மாநிலம் முழுவதையும் துண்டு துண்டாக நறுக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் போட்ட வரைபடம் ஒன்று. வரைபடம் சுருண்டு சுருண்டு வந்தது. நாலு மூலையிலும் உப்புக் குப்பி, மிளகுக் குப்பி, காப்பிக் கோப்பை, கோர்டியின் முழங்கை.

"எது மாப்ளே நம்ம மலை?" என்றான் கோர்டி.

"அதைத்தான் பாத்துட்டிருக்கேன்."

"அரை மணியா பாக்குற."

"சும்மாயிரு மச்சான். இங்க ஒவ்வொரு துண்டுக்கும் நாலு பருவம் போட்டிருக்கான். ஒவ்வொரு பருவத்துக்கும் ஆண் எல்க்குக்கு ஒரு குறியீடு, பெண் எல்க்குக்கு ஒரு குறியீடு. வில்லுக்குத் தனி. குறியீடு பூரா எழுத்தும் நம்பரும் கலந்து கிடக்கு. நம்ம ஊர்ல கடைக்குப் போனோமா, வேட்டைச் சீட்டு வாங்கிச் சட்டை முதுகுல குத்துனோமா, காட்டுக்குள்ள போனோமான்னு இருக்கும்."

"உயரம் எவ்வளவு போட்டிருக்கான்?"

"பத்தாயிரம் அடி."

கீழ்நோக்கி நானூறு அடி என்றால் மெர்லினுக்கு உள்ளங்கை மாதிரி. எந்த அடியில் களிமண், எந்த அடியில் மணற்பாறை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். மேல்நோக்கிப் பத்தாயிரம் அடி என்றால் அவன் மனதில் ஒன்றுமே தோன்றவில்லை.

"அடிச்சதை எப்படிக் கொண்டுவர்றது?" என்றான் கோர்டி. "கொம்புல கயிறு போட்டு இழுத்துடலாம்ல?"

பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த ஆர்டிஸ் திரும்பாமலே சொன்னாள்: "எல்க் எழுநூறு பவுண்டு இருக்கும். நீ பால் கேனையே இப்ப உருட்டித்தான் ஏத்துற."

இதெல்லாம்கூடப் பெரிதில்லை. விண்ணப்பத்தின் நடுவில் ஒரு கட்டம் இருந்தது. மெர்லின் அதை இரண்டு தடவை படித்தான், மூன்றாவது தடவை விரலை வைத்துப் படித்தான். பிறகு ஆர்டிஸிடம் நீட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்தொன்பது ஜனவரி ஒண்ணாம் தேதி, இல்ல அதுக்கப்புறம் பொறந்தவங்க, வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடிச்ச அட்டையோட நம்பரைப் போடணுமாம். இல்லேன்னா சீட்டு கிடையாது."

"அதெல்லாம் நமக்கு வேண்டாம். நம்ம மாநிலத்துல எழுபத்திமூணுக்கு அப்புறம் பொறந்தவனுக்குத்தான் அது."

"இது நம்ம மாநிலம் இல்லியே மெர்லின்."

அவன் தொலைபேசியில் கொலராடோவைக் கூப்பிட்டான். அங்கே ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசினாள். நாற்பது வருஷமாக வேட்டையாடுகிறேன் என்றான். சந்தோஷம் ஐயா என்றாள். சமையலறைச் சுவரில் ஏழு கொம்பு இருக்கிறது என்றான். அருமை ஐயா, அட்டை நம்பர் என்ன என்றாள்.

கோர்டி விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். "நான் பொறந்தது நாப்பத்தேழு," என்றான். "அப்ப எனக்கு வேண்டாம்ல? நீ அம்பது. அய்யோ பாவம் மாப்ளே. குழந்தைப் பையன் நீ."

ஊரில் ஒரே வகுப்புதான் பாக்கி இருந்தது. மார்ச்சில், தீயணைப்பு நிலையத்தில், நாலு மாலை. அதற்கு அடுத்தது ஆகஸ்டில். விண்ணப்பமோ ஏப்ரல் முதல் வாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். போக மாட்டேன் என்று மெர்லின் ஒன்பது நாள் சொன்னான். பத்தாம் நாள் கோர்டி வந்து, முழங்காலை நீட்டி உட்கார்ந்து, கிண்டல் எதுவும் பண்ணாமல் காப்பி குடித்துவிட்டுப் போனான். மெர்லின் வகுப்புக்குப் பெயர் கொடுத்தான்.

வகுப்பில் இருபத்து மூன்று பேர். மெர்லினைத் தவிர எல்லோருக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயது. மடக்கு நாற்காலியில் அவன் உட்கார்ந்ததும் அது முனகியது. பக்கத்தில் இருந்த சடைபோட்ட சிறுமி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்பா அம்மாவெல்லாம் பின்னாடி உக்காரணும்."

"நான் யாரோட அப்பாவும் இல்ல."

"அப்ப எதுக்கு வந்தீங்க?"

அவன் புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தைப் பார்த்தான்.

வகுப்பு நடத்தியவள் லோர்னா ப்ரோக்னோவ். அறுபது வயது, பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். அவள் வீட்டுக் கிணறும் மெர்லின் போட்டதுதான். "மிஸ்டர் டெஷ் நம்மகூடப் படிக்க வந்திருக்கார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாடத்துக்குப் போய்விட்டாள். சிரிக்காததற்காக மெர்லின் அவளுக்கு மனதுக்குள் நன்றி சொன்னான். பெருமைக்காரனுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் இல்லை.

தேர்வில் ஐம்பது கேள்விகள், நாற்பது சரியாக இருக்க வேண்டும். அவனுக்குப் பயம் அதில்தான். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு ஆர்டிஸ் புத்தகத்தை வைத்துக்கொண்டு கேட்பாள்.

"துப்பாக்கியை ஒருத்தர்ட்ட இருந்து வாங்குனதும் முதல்ல என்ன செய்யணும்? ஒண்ணு, குண்டு இருக்கான்னு பாக்கணும். ரெண்டு, நன்றி சொல்லணும். மூணு, குறிபாக்கணும். நாலு, தோள்ல மாட்டணும்."

"யார் குடுக்குறாங்கங்கிறதைப் பொறுத்திருக்கு."

"அப்படி ஒரு பதில் இல்ல."

"கோர்டி குடுத்தா குண்டு இருக்கும். பாக்கவே வேண்டாம்."

"மெர்லின்."

"சரி, ஒண்ணு."

அவனைக் குழப்பியது இதுதான்: கேள்விகளில் பாதிக்கு அவனுக்குப் பதில் கையில் தெரியும், வாயில் தெரியாது. மீதிப் பாதியில் புத்தகம் ஒன்று சொன்னது, அவன் கை வேறொன்றைச் சொன்னது. நாற்பது வருஷம் கொம்போடு திரும்பிய கை சரியா, எவனோ உட்கார்ந்து எழுதிய புத்தகம் சரியா? அவன் கையின் பக்கம் நின்றான். தேர்வு எழுதும்போது மட்டும் புத்தகத்தின் பக்கம் போய்விட்டு வரலாம் என்று முடிவு செய்தான்.

எழுத்துத் தேர்வில் நாற்பத்து நாலு. சடைபோட்ட சிறுமி நாற்பத்து மூன்று. அவள் காகிதத்தை எட்டிப் பார்த்து அவன் அதை உறுதிசெய்துகொண்டான்.

அதற்குப் பிறகு எல்லோரும் வெளியே போனார்கள். தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால் லோர்னா மூன்று வரிசைக் கம்பி வேலி ஒன்று நட்டிருந்தாள். குண்டில்லாத ஒரு பழைய துப்பாக்கி. காட்டில் நடந்துவருகிற மாதிரி வந்து வேலியைத் தாண்ட வேண்டும், அவ்வளவுதான். மெர்லினுக்கு மனசு லேசாகிவிட்டது. இது எழுத்து இல்லை. இது அவன் இடம். முதல் ஆளாகப் போனான். துப்பாக்கியை இடது கையில் பிடித்தான், வலது கையால் கம்பத்தைப் பற்றினான், காலைத் தூக்கி ஒரே வீச்சில் அந்தப் பக்கம் இறங்கினான். ஐம்பத்திரண்டு வயசுக்கு அது நல்ல தாண்டல்தான்.

இருபத்திரண்டு பிள்ளைகளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். லோர்னா கையிலிருந்த தாளில் ஏதோ எழுதினாள்.

"தேறல மிஸ்டர் டெஷ்."

"என்ன தேறல?"

"துப்பாக்கியைத் திறந்து பாக்கல. கீழே வைக்கல. தாண்டும்போது குழல் எங்க பாத்துச்சுன்னு தெரியுமா?"

"நாப்பது வருஷமா இப்படித்தான் தாண்டுறேன்."

"தெரியும். உங்க அப்பாவும் இப்படித்தான் தாண்டுவார். எங்க வீட்டுக்காரரும்தான்."

அவளுடைய புருஷன் தொடையில் குண்டு துளைத்த ஒரு குழி உண்டு, காது குத்தின மாதிரி. அது ஊருக்கே தெரியும். மெர்லின் துப்பாக்கியை அவளிடம் நீட்டினான். லாரியை எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தான்.

"தேறலையா?" என்றாள் ஆர்டிஸ்.

"எழுத்துல தேறிட்டேன்."

"பின்ன?"

"வேலியில போயிடுச்சு."

ஆர்டிஸ் அவனைப் பார்த்தாள். அவள் பயந்ததெல்லாம் எழுத்துக்குத்தான்.

மறுநாள் லோர்னா தொலைபேசியில் கூப்பிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் அவள் வீட்டுக் கொல்லை வேலியில் இன்னொரு வாய்ப்பு தருவதாகச் சொன்னாள். தேறாத பிள்ளைகளுக்கும் அப்படித்தான் தருவாளாம், இவனுக்கென்று தனிச்சலுகை இல்லையாம். விண்ணப்பத்தைத் திங்கட்கிழமை அஞ்சலில் போட்டாக வேண்டும்.

மெர்லின் மூன்று நாளும் லாரிக் கொட்டகைக்குப் பின்னால் தனியாகப் பழகினான். குண்டை எடு. திறந்து வை. குழல் உன்னைப் பார்க்காமல் வேலிக்கு அடியில் வை. குழலுக்கு மறுமுனையில், துப்பாக்கியின் அடிக்கட்டை இருக்கும் பக்கமாக நடந்து வந்து தாண்டு. பிறகு எடு. சொல்வதற்கு நாலு வரி. ஆனால் கை ஒவ்வொரு தடவையும் பழைய வழிக்கே ஓடியது. கையை அவன் தன் வாழ்நாளில் அதட்டியதே இல்லை. இப்போது அதட்டினான்.

சனிக்கிழமை கோர்டியும் கூடவே வந்தான். வேடிக்கை பார்க்கத்தான் வந்தான், அதை மறைக்கவும் இல்லை. மெர்லின் வேலியருகே வந்து நின்றான். திறந்தான், பார்த்தான், வைத்தான், சுற்றி வந்தான், தாண்டினான், எடுத்தான். உதடு அசைந்துகொண்டே இருந்தது. லோர்னா கையெழுத்துப் போட்டு, நம்பர் எழுதிய தற்காலிக அட்டையைக் கொடுத்தாள். சிறிய மஞ்சள் அட்டை. அவன் அதைச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானையும் போட்டான்.

"முடிஞ்சுதா?" என்றான் கோர்டி. "இந்த ஆட்டத்துக்குள்ள எல்க் அடுத்த மாநிலத்துக்கே போயிடும் மாப்ளே. குடு இங்க, எப்படித் தாண்டுறதுன்னு காட்டுறேன்."

பக்கத்தில் நின்ற மெர்லினிடமிருந்து துப்பாக்கியை வாங்கினான். வலிக்கிற காலை முதலில் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் போட்டான். மற்றக் காலை எடுக்கும்போது தடுமாறி, துப்பாக்கியையே கைத்தடி மாதிரி வீசிச் சமாளித்தான். குழல் வட்டமாகச் சுற்றி வந்தது. லோர்னாவின் வீட்டை ஒரு தடவை பார்த்தது, பிறகு மெர்லினின் பொத்தான் போட்ட சட்டைப் பையை நேராகப் பார்த்தது.

துப்பாக்கியில் குண்டில்லை என்று மெர்லினுக்குத் தெரியும். ஒரு நிமிஷத்துக்கு முன் அவனே திறந்து பார்த்தவன். ஆனாலும் அவன் அசையாமல் நின்றான். முப்பது நவம்பர் அவனும் கோர்டியும் சேர்ந்தே வேலி தாண்டியிருக்கிறார்கள். எப்போதும் மெர்லின்தான் முதலில். தாண்டி, அந்தப் பக்கம் நின்று, மச்சானுக்காகக் காத்திருப்பான். ஒரு நாளில் பத்து வேலி இருக்கும். கோர்டியின் குழல் தன்னை எத்தனை தடவை பார்த்திருக்கும் என்று அவன் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டான்.

"என்னடா முழிக்கிற?" என்றான் கோர்டி.

"திரும்பி வா."

"எதுக்கு?"

"திரும்பி வா மச்சான். துப்பாக்கியை அங்கேயே கீழ வச்சுட்டு வா."

"எனக்கு அட்டை வேண்டாம்னு கொலராடோக்காரனே சொல்லிட்டான்."

"கொலராடோக்காரன் உன்கூட நடக்கப் போறதில்ல. நான்தான் நடக்கப் போறேன். அவன் உனக்குச் சீட்டு குடுப்பான். நீ இதைக் கத்துக்காம நான் வர மாட்டேன்."

கோர்டி லோர்னாவைப் பார்த்தான். அவள் தாளை மடித்துக்கொண்டு, அடுப்பில் கெட்டில் கொதிக்கிறது என்று வீட்டுக்குள் போய்விட்டாள். அவன் மறுபடி மெர்லினைப் பார்த்தான். இது கிண்டலா நிஜமா என்று அவனுக்குப் பிடிபடவில்லை. மெர்லினுக்குமே தான் கோபமாக இருக்கிறோமா பயந்திருக்கிறோமா என்று சரியாகத் தெரியவில்லை.

"முட்டி வலிக்குதுடா."

"மெதுவா வா. அவசரமே இல்ல."

கோர்டி குனிந்து துப்பாக்கியைப் புல்லில் வைத்தான்.

"குழல் எங்க பாக்குது?" என்றான் மெர்லின்.

கோர்டி பார்த்தான். பிறகு அதைத் திருப்பி வைத்தான்.