ஓடுதளத்தில் காய்ந்த மக்காச்சோளம்

எலவனாசூர்கோட்டையைத் தாண்டி, போர்க்காலத்தில் ராணுவ விமானங்கள் இறங்கிய பழைய ஓடுதளத்தில் ஒருவர் மக்காச்சோளம் காயவைத்துக்கொண்டிருந்தார். ஒல்லியான உடம்பு, தலையில் ஈரத்துண்டு. பேசுவதற்கு முன் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பார்.

“இன்னா சார், அளக்க வந்தீங்களா?”

“இல்லீங்க, சும்மா பாக்க வந்தேன்.”

இன்னொரு மணியைக் கடித்துத் துப்பினார். “போன தடவயும் சும்மா பாக்கத்தான் வந்தாங்க. மறுவாரமே கல்லு நட்டுட்டாங்க. திரும்பவும் பிளேன் வுடப் போறாங்களாம். நாங்க சோளத்த எங்க தூக்கிக்கினு போறது?”

அவர் குனிந்து, கரித்துண்டால் என் வண்டி எண்ணைத் தரையில் எழுதினார். அங்கே ஏற்கெனவே ஏழெட்டு எண்கள் இருந்தன.

சர்வேயரான நான் பையிலிருந்த டேப்பை அன்று வெளியே எடுக்கவேயில்லை. அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.