சங்கு ஊதினால் எழுந்து நிற்போம்

கோடை விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த அன்று எல்லோரும் குதித்துக்கொண்டு வந்தார்கள். நான் மட்டும் வாசலிலேயே தயங்கி நின்றேன். காரணம், புதிதாகச் சேர்ந்தவர்களின் வரிசையில் ரெட்டை ஜடையோடு நின்ற ஒருத்தி. செகந்திராபாத் ரயில்வே காலனியில் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவள். காலனிப் பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவள்.

எங்கள் கல்லூரியில் ஒரு வழக்கம். திறந்த முதல் நாள் சாயங்காலம் பழைய மாணவிகளும் புதியவர்களும் கேன்டீனுக்குப் பின்னால் வட்டமாக உட்காருவோம். ஒவ்வொருத்தியும் தன் பள்ளியில் மட்டுமே இருந்த ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். போன வருஷம் என் முறை வந்தபோது, நான் பெரிய கான்வென்ட்டில் படித்தவள், கடைசி நாளன்று மெழுகுவர்த்தி ஏந்தி நடப்போம் என்று கூசாமல் அளந்துவிட்டேன். அப்பா ரயில்வேயில் ஆபீசர் என்றும் சேர்த்துக்கொண்டேன். மற்றவர்கள் பேசிய இங்கிலீஷில் மிரண்டுபோய்ச் சொன்னது. பிறகு ஒரு வருஷம் அந்தப் பொய்க்குத் தீனி போட்டு வளர்த்தேன். இவள் ஒரு வார்த்தை சொன்னால் போச்சு, மானம் கப்பலேறிவிடும்.

சாயங்காலம் வட்டம் கூடும்போது அவளோ என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். "அக்கா! நீங்க இங்கதான் படிக்கிறீங்கன்னு அம்மா சொன்னாங்க!"

"அக்கா கிக்கா எல்லாம் இங்க நக்கோ, வேணாம்" என்று பல்லைக் கடித்தேன். "இவங்க நான் கான்வென்ட்டுன்னு நெனச்சிட்டிருக்காங்க. என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காத."

அவள் முகம் சுருங்கிப்போனது. "ஹவ்" என்று சரி சொல்லித் தலையாட்டிவிட்டு எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தாள்.

அவள் முறை வந்தது. எழுந்து நின்றாள். நான் உள்ளங்கையைத் தாவணியில் துடைத்துக்கொண்டே இருந்தேன். எல்லோருக்கும் புரியட்டும் என்று இந்தியில் சொன்னாள்.

"எங்க ஸ்கூல்ல ஒர்க்‌ஷாப் சங்கு ஊதினா எல்லாரும் எழுந்து நிப்போம். அப்பாங்க எல்லாம் அங்கதான் வேலை. ஒரே மூச்சா ஊதினா ஷிப்ட் சங்கு, உட்காந்துடுவோம். விட்டு விட்டு ஊதினா யாருக்கோ அடி. யாரோட அப்பான்னு ஆள் வந்து சொல்ற வரைக்கும் நின்னுட்டே இருப்போம்."

யாரும் சிரிக்கவில்லை. ஒருத்தி மெதுவாக, "அப்படி யாருக்காவது ஆச்சா?" என்று கேட்டாள்.

"ஒரு பொண்ணோட அப்பாவுக்கு. ரெண்டு விரல் போச்சு." என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

போனவை என் அப்பாவின் விரல்கள். அன்று ஆள் வந்து வகுப்பு வாசலில் நின்று என் பெயரைச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்தா பாலாநகர்ப் பக்கம் ஏதோ தொழிற்சாலையின் சங்கு ஊத வேண்டும்! ஒரு வருஷமாக அந்தச் சத்தத்துக்கு பெஞ்சு விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்காரப் பழகியிருந்தேன். இங்கே பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை, வெறும் தரை. எழுந்துவிட்டேன். ஒரே மூச்சா, விட்டு விட்டா என்று கேட்டுக்கொண்டு நின்றேன். ஒரே மூச்சாக ஊதி ஓய்ந்தது. அதற்குள் வட்டம் முழுக்க என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"நீ கைக்கு எழுந்தே, எதுக்காக? நீ கான்வென்ட்தானே?" என்றாள் என் வகுப்புத் தோழி.

ரெட்டை ஜடைக்காரி முந்திக்கொண்டாள். "நான் தனியா நிக்கிறேன்னு பாவம் பார்த்து எழுந்தாங்க. வேறென்ன? அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது."

என்ன நல்ல மனசு என்று எல்லோரும் எனக்குக் கை தட்டினார்கள். பேசி முடித்தும் அவள் உட்காரவில்லை. என் முகத்தையே பார்த்தபடி நின்றாள், ஆள் வந்து பெயர் சொல்லட்டும் என்று நிற்பதுபோல.

நான் உட்கார்ந்துகொண்டேன்.