காலில் கால் எடை

இர்விங்கில் நான் போன எலும்பு ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி நடைபாதை முப்பத்தெட்டு தப்படி நீளம். அதை நான்கு விதமாகக் கடந்திருக்கிறேன். உருளும் கட்டிலில் படுத்தபடி, சக்கர நாற்காலியில், வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில், கடைசியாக என் இரண்டு காலில். கால் முறிந்து வீட்டில் கிடந்தபடி இதை வாசிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்காவது விதத்துக்கு வர எனக்கு ஒன்பது மாதம் ஆனது. ஆறில் வந்திருக்கலாம். மூன்று மாதத்தை ஒரே ஒரு வார்த்தையில் தொலைத்தேன்.

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். அதை மறைப்பதில்லை, சொல்லிக் காட்டுவதுதான் வழக்கம். தூத்துக்குடியிலிருந்து ஒரு ஓட்டல் சமையலறைக்கு ஆளாக டெக்சஸ் வந்தேன். இன்றைக்கு இந்த வட்டாரத்துத் தமிழர் வீடுகளில் வேகிற இட்லியில் பாதி என் மாவு. ரவுண்ட் ராக் வரை என் வேன் போகிறது. கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் எல்லாம் என்னை 'மாவு அங்கிள்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏழு கிரைண்டர் வைத்திருக்கிறேன். ஏழையும் பிரித்து மாட்ட எனக்குத் தெரியும், எந்த இன்ஜினியரையும் அழைத்ததில்லை. இந்தக் கட்டுரையை நான் சொல்ல என் மகள் நான்சி தட்டச்சு செய்கிறாள். ஒரு வார்த்தையையும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

என் தொழில் நிற்கிற தொழில். உட்கார்ந்து மாவின் பதம் பார்க்க முடியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னோடு பதினோரு வருடமாக வேலை பார்க்கிறவர் லூப்பே. மெக்சிகோக்காரர், என்னைவிடப் பத்து வயது இளையவர். எங்கள் சமையலறைப் பெண்களிடம் கற்ற தமிழில் என்னை 'அண்ணாச்சி' என்பார். அவருடைய அக்கா மகன் ஐரோப்பாவில் கால்பந்து ஆடுகிறவன். பெயர் சாந்தி. சான்டியாகோ என்பதன் சுருக்கமாம். இரண்டு வருடம் அதைப் பெண்பிள்ளை என்றே நினைத்திருந்தேன்.

"சாந்திக்குக் கல்யாணம் ஆயிட்டா?" என்று கேட்பேன்.

"நோ அண்ணாச்சி. கேர்ள்பிரெண்ட் இருக்கு" என்பார்.

ஊர் அப்படி, நமக்கென்ன என்று விட்டுவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை காலையில் லூப்பே போனில் ஆட்டத்தைக் காட்டியபோதுதான் தாடி வைத்த சாந்தியைப் பார்த்தேன். அங்கே மாலை ஆட்டம் என்றால் இங்கே காலை, நாங்கள் அரிசி ஊறவைத்து வடிக்கிற நேரம். வேலைக்கு நடுவே அவன் கதையைத் துண்டு துண்டாகக் கேட்டேன். செங்கல் சூளைக்காரர் வீட்டுப் பிள்ளை. பதினான்கு வயதில் தனியாகப் பஸ் ஏறி ஒரு கிளப்பின் பயிற்சி விடுதிக்குப் போனான். பத்தொன்பதில் ஹாலந்து. அங்கே ஒரு வருடம் முழுக்க ஓரத்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பாஷை தெரியாது, சாப்பாடு பிடிக்காது, குளிர். அடுத்த வருடம் வேறு ஒரு சின்னக் குழுவுக்கு இரவலாகக் கொடுத்தார்கள். அங்கே ஓடிக் காட்டினான். அங்கிருந்து ஸ்பெயின். இடது காலால் ஆடுகிறவன், ஓரமாக ஓடி உள்ளே வெட்டி வருவான்.

நான் அப்போது இதை ஒரு வேலையாகவே மதிக்கவில்லை. "இருபத்திரெண்டு பேருக்கு ஒரு பந்து. ஆளுக்கொண்ணு வாங்கிக் குடுத்தா சண்டை தீர்ந்துது" என்பேன். லூப்பே சிரிப்பார்.

அந்த வருட ஆட்டங்கள் முடிகிற சமயம் ஒரு சனிக்கிழமை, எங்கள் கண்ணெதிரே சாந்தியின் இடது கால் முறிந்தது. பின்னாலிருந்து வந்தவன் முழு எடையோடு முழங்காலுக்குக் கீழே விழுந்தான். லூப்பே போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இதுக்கா இப்படிக் கெடக்கான்? எங்க ஊர்ல எந்திரிச்சு நடந்து போயிருப்பான்."

மூன்று வாரம் கழித்து என் முறை வந்தது.

மாவு சிந்திய தரை. துடை, துடை என்று நான் தினமும் கத்துகிற அதே தரை. இடது கால் வழுக்கி மடங்கியது. காய்ந்த அப்பளம் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். எழுந்து நடக்கலாம் என்று பார்த்தேன். கால் என் பேச்சைக் கேட்கவில்லை.

டிபியல் பிளாட்டோ முறிவு என்றார்கள் (முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பின் மேல்தட்டு உடைவது, தொடை எலும்பு வந்து உட்காருகிற மேடை அது). படத்தைப் பார்த்த லூப்பே, "சேம் சேம் அண்ணாச்சி. சாந்திக்கும் இங்கதான்" என்று தன் காலைத் தொட்டுக் காட்டினார். எனக்கு ஒரு தகடும் ஏழு திருகாணியும் வைத்தார்கள். கிரைண்டருக்கு ஒன்று என்று என் மனைவி ஸ்டெல்லா சொன்னாள்.

ஆறு வாரம் அந்தக் கால் தரையில் படக் கூடாது. இருந்தேன். ஆறாவது வாரப் பரிசோதனைக்கு நான்சி லீவு போட்டு வருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். பாஷை தெரியாமல் இந்த நாட்டில் ஏழு கிரைண்டர் ஓட்டுகிறவனுக்கு டாக்டரிடம் பேசத் தெரியாதா? ஆனாலும் அங்கே விதி என்று போனில் ஒரு மொழிபெயர்ப்பாளரை இணைத்தார்கள். எங்கிருந்தோ ஒரு பெண் குரல், நல்ல தமிழ். டாக்டர் அம்மா சொன்னதை அந்தக் குரல் சொன்னது:

"ஐயா, இனிமேல் அந்தக் காலில் கால் எடை வைக்கலாம்."

காலில் கால் எடை. லைன் சரியில்லை, வார்த்தை இரண்டு தரம் விழுகிறது என்று நினைத்தேன். கால் எடை என்றால் காலுக்கு உரிய எடை. அப்படியென்றால் நிற்கலாம். சந்தேகம் ஏதும் உண்டா என்று கேட்டார்கள். எனக்கா? இல்லை என்றேன்.

நான்காம் நாள் கிரைண்டர் பக்கத்தில் நின்றேன். நான்கு மணி நேரம். எல்லோரும் கை தட்டினார்கள். வலித்தது. வலி எத்தனை, பத்துக்குச் சொல்லுங்கள் என்று தெரபி ஆள் கேட்டபோது இரண்டு என்றேன். எட்டு இருந்தது. எட்டு என்று சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இரண்டு வாரத்தில் முழங்கால் பலாப்பழம் போல வீங்கியது. படம் எடுத்தார்கள். மூன்று திருகாணி கழன்று, மேடை ஒரு பக்கம் உள்ளே இறங்கியிருந்தது. இந்த முறை நான்சி கூட இருந்தாள். டாக்டர் அம்மா கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இருபத்தைந்து சதவீதம் என்றுதானே சொன்னேன் என்று கேட்டார். என் எடையில் நாலில் ஒரு பங்கு.

"கால் எடைன்னுதான் சொன்னாங்க" என்றேன்.

நான்சி என்னையே பார்த்தாள். "அப்பா... கால்னா குவார்ட்டர்ப்பா. கால்வாசி!"

"குவார்ட்டர்னு சொல்லியிருந்தா எனக்குத் தெரியாதா? அது தெரியாத தமிழன் உண்டா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் அழுகை வந்தது. டாக்டர் அம்மா ஒன்றும் புரியாமல் இருவரையும் பார்த்தார். நான்சி விளக்கினாள். எங்கள் மொழியில் காலுக்கும் கால்வாசிக்கும் ஒரே சொல் என்று. அவர் அதைத் தன் கம்ப்யூட்டரில் குறித்துக்கொண்டார். அந்தப் பெண் குரல்மேல் தப்பில்லை. சரியான தமிழைத்தான் பேசியது. எந்தக் கால் என்று கேட்காதது நான்.

இரண்டாம் அறுவை. இடுப்பிலிருந்து எலும்பைச் சுரண்டி எடுத்து மேடையின் பள்ளத்தை நிரப்பினார்கள் (எலும்பு ஒட்டு என்று பெயர், நம் உடம்பிலிருந்தே எடுத்து நம் உடம்பிலேயே நடுவது). இதுவும் இறங்கினால் அப்புறம் செயற்கை மூட்டுதான், ஈரத்தரையில் நாள் முழுக்க நிற்கிற வேலையை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர் அம்மா. அன்றைக்குத்தான் எனக்குப் பேச்சு குறைந்தது.

படுக்கையில் இருந்த மாதங்களில் லூப்பே சாந்தியின் பழைய ஆட்டங்களைக் கொண்டுவந்து காட்டினார். இப்போது வேறு கண்ணால் பார்த்தேன். வானத்திலிருந்து பந்து விழுகிறது. அவன் காலை நீட்டுகிறான். பந்து அங்கே பூனைக்குட்டி மாதிரி சுருண்டு படுத்துக்கொள்கிறது. அந்த ஒரு தொடலைப் பதினைந்து முறை போட்டுப் பார்த்திருப்பேன். என்னிடம் இருக்கிற அதே எலும்பு. அதற்கு அப்படியும் தெரியுமா? நாற்பது வருடம் நான் அதன்மேல் நின்றேன், அவ்வளவுதான். அதற்கு என்ன தெரியும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மறுபடி காலில் எடை வைக்கிற வாரம் வந்தது. லூப்பே போனை நீட்டினார். திரையில் சாந்தி. லூப்பேதான் இருபக்கமும் சொன்னார். எவ்வளவு எடை வைக்கச் சொன்னார்கள் என்று அவன் கேட்டான். நாலில் ஒரு பங்கு என்று விரலால் காட்டினேன். அவனுக்கும் முதலில் அதுவேதானாம், அவன் எடைக்கு இருபது கிலோ.

"சாந்தி சொல்றான், கால் ஸ்டூப்பிட். ட்வென்டி கிலோ என்னன்னு அதுக்குத் தெரியாது. தராசு வைக்கணும். டெய்லி வைக்கணும். டென் டேஸ்ல கால் படிச்சிடும்" என்றார் லூப்பே.

"அவனுக்கா? அந்தக் காலுக்கா தெரியாது?" என்றேன்.

லூப்பே கேட்டார். அவன் சிரித்து ஏதோ சொன்னான்.

"மறுபடி ஒண்ணாங் கிளாஸ்லருந்து படிக்குதாம், அண்ணாச்சி."

நான் நூற்று அறுபது பவுண்டு. கால் பங்கு நாற்பது. எங்கள் அரிசி மூட்டை ஒன்று சரியாக நாற்பது. ஸ்டெல்லா தராசைக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தாள். வாக்கரைப் பிடித்தபடி இடது பாதத்தை அதில் அழுத்தினேன். முள் எழுபதுக்கு ஓடியது. எடுத்தேன். மறுபடி, பதினைந்து. மூட்டையைக் கையில் தூக்கிப் பார்த்து எடை சொல்கிறவன் நான், அரை பவுண்டு தப்பாது. என் பாதத்துக்குத் தெரியவில்லை. ஒன்பதாம் நாள், கண்ணை மூடி அழுத்தினேன். "நாப்பது" என்றாள் ஸ்டெல்லா. முள்ளைப் பார்க்கிறவள் அவள்தான், ஆனால் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. ஆறாம் வகுப்பில் நின்றுபோனவன் அறுபத்தெட்டு வயதில் உள்ளங்காலால் ஒரு பாடம் பாஸானேன்.

பிறகு அரை. மாவு அரைக்கிறவனுக்கு அரை வராதா என்றாள் ஸ்டெல்லா. பிறகு முக்கால். இரண்டு கால், ஒரு கைத்தடி, கணக்கு சரியாக இருந்தது. கடைசியில் முழு எடை. ஆனால் ஒரு நேரத்துக்குக் கால் மணிதான் நிற்கலாம், பின் உட்கார வேண்டும் என்றார் டாக்டர் அம்மா. நான்சி அதை எனக்குத் தமிழில் சொல்லி, "எந்தக் கால்ப்பா?" என்று கேட்டு, பதினைந்து விரல் எண்ணிக் காட்டிய பிறகே வீட்டுக்கு அழைத்துவந்தாள்.

சாந்தி திரும்பி ஆடின நாள் ஒரு சனிக்கிழமை. நாங்கள் எல்லோரும் சமையலறையில். கிரைண்டர்களை நிறுத்தச் சொன்னேன். அதுவரை நான் நிறுத்தியதே இல்லை. அவன் பெஞ்சில்தான் இருந்தான். ஆட்டம் முடியப் போகிற சமயத்தில் ஓரத்தில் ஆள் மாற்றுகிற எண் பலகையைத் தூக்கினார்கள். அவன் எழுந்து, குனிந்து, புல்லைத் தொட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

"இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றேன்.

"கால் மணி நேரம்ப்பா" என்றாள் நான்சி.

ஸ்டூலை விட்டு எழுந்தேன். கைத்தடியைச் சுவரில் சாய்த்தேன். அவன் நிற்கிற வரை நானும்.

அவன் கோல் போடவில்லை. நாலைந்து முறைதான் பந்து வந்தது. ஒரு முறை ஒருவன் அதே காலில் இடித்தான். சாந்தி விழுந்தான். சமையலறையில் ஊறுகிற உளுந்தின் சத்தம்கூடக் கேட்கும் போல இருந்தது. அவன் உட்கார்ந்தபடி காலை ஒரு முறை மடக்கி நீட்டிப் பார்த்தான். நான் தராசின் முன்னே செய்வது போலவே. பிறகு எழுந்தான். லூப்பே என் தோளைப் பிடித்திருந்தார்.

பதினைந்து நிமிடம் ஆனது. ஆட்டம் முடியவில்லை, நான்கு நிமிடம் சேர்த்தார்கள்.

"அண்ணாச்சி" என்றார் லூப்பே.

வலி இல்லை. நின்றிருக்கலாம். பழைய ஆளாக இருந்தால் மத்தியானம் வரை நின்றிருப்பேன், நின்றதைப் பத்து பேரிடம் சொல்லியிருப்பேன். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். மீதி நான்கு நிமிடமும் அவன் ஓடினான், நான் பார்த்தேன்.

இப்போது கிரைண்டர் பக்கத்தில் கால் மணி நிற்கிறேன், கால் மணி உட்காருகிறேன். முன்பெல்லாம் ஒரு நாள் எனக்கு ஒரே துண்டாகப் போகும், எப்போது விடிந்தது எப்போது முடிந்தது என்று தெரியாது. இப்போது அது சின்னச் சின்னத் துண்டு. ஒவ்வொரு துண்டும் முடிகிற இடத்தை மணி பார்க்காமல் முதலில் சொல்வது இடது உள்ளங்கால்தான். அது சொல்கிறது, நான் உட்காருகிறேன்.