துருக்கிக்குப் போகும் பெட்டி

தேன்மொழி அறிந்த குளிரெல்லாம் தொழிற்சாலை ஏர்கோனின் குளிர்தான். மலேசியாவில் லாயாங் லாயாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் கைமாறி வீடுகளைக் காலி செய்யச் சொன்னபோது பெற்றோருடன் ஜொகூர் பாருவுக்கு வந்தாள். தெப்ரா பகுதியில் மருத்துவமனைகளுக்குப் பிளாஸ்டிக் குழாய் செய்யும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே லைன் லீடராகி, ஐம்பதையும் நெருங்கிவிட்டாள். விமானத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். அவளைப் போய், துருக்கியில் கைசேரி என்ற ஊரில் கம்பெனி புதிதாகத் திறந்த கிளைக்கு மூன்று வாரம் அனுப்புவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அதுவும் மார்கழியில். பனி கொட்டுகிற ஊராம், தண்ணீர்க் குழாயே உறைந்து போகுமாம்.

பயம் ஒரு பக்கம் இருந்தாலும் அவளுக்கு உள்ளுக்குள் பெருமை பிடிபடவில்லை. மகள் பிரவீனாவுக்கு மாசியில் கல்யாணம். மாப்பிள்ளை தீபனின் வீடு லாயாங் லாயாங்கில்தான். கல்யாணப் பேச்சில் "எங்க சம்பந்தியம்மா வெளிநாட்டுக்குப் போறாங்க" என்று அவர்கள் சொல்லிக்கொள்வார்கள் என்றுகூட நினைத்துப் பார்த்தாள். ஆசைக்கு என்ன, கேட்பார் யார்?

பெட்டி கட்டும் வேலை ஒரு வாரம் நடந்தது. பழைய துணியை மூட்டை மூட்டையாகக் கொட்டி விற்கும் பண்டல் கடையில் குடைந்து, எந்த ஊர்க்காரியோ போட்டுக் கழித்த கம்பளிச் சட்டைகளை வாங்கி வந்தாள். தான் குடியிருக்கும் பெர்மாஸ் ஜெயாவின் வெயிலில் அவற்றைக் காயப்போட்டபோது பார்க்கவே வியர்த்தது. முஸ்லிம் நாடாயிற்றே என்று, மலாய்ப் பெண்கள் உடுத்தும் நீளச் சட்டையும் பாவாடையுமான பாஜு கூரோங்கில் ஆறையும் அடுக்கினாள். மலாய்க்காரர்களைப் பார்த்தே முஸ்லிம் என்றால் இப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்ட நம்மவர்களுக்கு வேறு எப்படித் தோன்றும்?

பயணத்துக்கு முதல் நாள் மாலை, பக்கத்து வீட்டு ஹஸ்னா வந்து பெட்டியைப் பார்த்துச் சிரித்தாள். ஹஸ்னா மக்காவுக்கு உம்ரா போன வழியில் குளிர்காலத் துருக்கியைப் பார்த்தவள். மலாய்க்காரிதான், ஆனால் நெடுங்காலப் பக்கத்து வீடு என்பதால் தமிழும் கலந்து பேசுவாள்.

"அலமாக், தேன். இந்தப் பாஜு கூரோங் எல்லாம் எதுக்கு? அங்க பாதிப் பொம்பளைங்க ஜீன்ஸ் போட்டு, தலை மூடாமத்தான் போறாங்க. நீ குளிருக்கு மூடு, போதும் லா. காதுதான் முதல்ல போயிடும்."

சொல்லிவிட்டுத் தன் சாம்பல் நிறக் கம்பளிச் சால்வையை எடுத்து, தேன்மொழியின் தலையைச் சுற்றி, காதை அடக்கி, தாடைக்குக் கீழே மடித்து, தோளில் செருகிக் காட்டினாள். பிரவீனாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ம்மா, இங்க பாருங்க" என்று போனில் படம் எடுத்தாள். எடுத்ததோடு விட்டாளா? "அம்மா ரெடி" என்று எழுதி, இரண்டு குடும்பமும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். பிள்ளைகளுக்குக் கை சும்மா இருக்காது.

முதலில் சிரிப்புப் படங்கள் வந்தன. பிறகு யாரோ "முஸ்லிம் பொம்பளைங்க மாதிரி தலையில துடோங் போட்டிருக்காங்களே" என்று எழுதினார்கள். அதன்பின் குழுவில் ஒரு செய்தியும் வரவில்லை.

சம்பந்தி செல்லம் அழைத்தாள். குரலில் ஒரு சொட்டு ஈரமில்லை.

"சம்பந்தி, படம் பார்த்தோம். நீங்க எதுவும் சொல்ல வேணாம். நேர்ல வர்றோம்."

"சம்பந்தி, அது குளிருக்கு..."

போன் வைக்கப்பட்டுவிட்டது. லாயாங் லாயாங்கிலிருந்து வண்டி வந்து சேர எப்படியும் ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். அத்தனை நேரமும் தேன்மொழி சும்மா இருக்கவில்லை. பெட்டியைக் கலைத்தாள், அடுக்கினாள், மறுபடியும் கலைத்தாள். ஒரு தமிழ்ப் பெண் தலையில் துணியைச் சுற்றிவிட்டால் இந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: மதம் மாறிவிட்டாள். அந்தப் பேச்சு கிளம்பிய வீட்டில் பெண் எடுக்க எவனும் யோசிப்பான். பிரவீனா சுவரோரம் உட்கார்ந்து, குழுவிலிருந்து தான் அழித்துவிட்ட படத்தையே திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருந்தாள். "கல்யாணம் நின்னுடுமாம்மா?" என்று கேட்டாள்.

கணவன் செல்வா சிங்கப்பூர் வேலை முடிந்து, எல்லைப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் நெரிசலைத் தாண்டி வந்து இறங்கவும், செல்லத்தின் கார் வாசலில் நிற்கவும் சரியாக இருந்தது. நடந்ததை அவனுக்கு முழுதாகச் சொல்லக்கூட நேரமில்லை. ஹஸ்னா பின்வாசல் வழியாகக் கிளம்பப் பார்த்தாள். அக்கா என்ற பொருளில் அவளைக் 'கக்' என்றே அழைக்கும் தேன்மொழி, கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இருங்க கக். நீங்க ஒளிஞ்சு போனாத்தான் தப்பாத் தெரியும்."

செல்லம் உள்ளே வந்தாள். காரோட்டி வந்த தீபன் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்து தரையைப் பார்த்தான். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவன் அவன்தான் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். வைத்த காப்பியை யாரும் தொடவில்லை. செல்லத்தின் கண் ஹஸ்னாவிடம் போய், திறந்து கிடந்த பெட்டிக்குப் போய், கடைசியில் தேன்மொழியின் கழுத்தில் வந்து நின்றது.

"தாலி எங்க சம்பந்தி?"

தேன்மொழியின் கை தன்னை அறியாமல் கழுத்துக்குப் போனது. அங்கே ஒன்றும் இல்லை.

காலையில் நடந்தது இதுதான். விமான நிலையத்தில் தங்கம் கண்டால் மிஷின் கத்தும், கழற்றித் தட்டில் வைக்கச் சொல்வார்கள், அதே தட்டில்தான் செருப்பும் பெல்ட்டும் போகும் என்று தொழிற்சாலைத் தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். செருப்பு போகிற தட்டில் தாலியா? அதை நினைத்துத் தேன்மொழிக்கு இரண்டு நாளாய்த் தூக்கமில்லை. செல்வா வேலைக்குப் போனபின் குளித்துவிட்டு, சாமி மேடை முன்னால் நின்று, ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டிக்கொண்டு தாலிக்கொடியைக் கழற்றி மாரியம்மன் படத்துக்குப் போட்டாள். அந்தக் கயிறும் மாலையில் கம்பளிச் சட்டைகளைப் போட்டுக் கழற்றிப் பார்த்ததில் எங்கோ அவிழ்ந்து விழுந்திருக்கிறது. செல்வா வந்ததும் சொல்லலாம் என்றிருந்தாள். அதற்குள் இத்தனை கூத்து.

இதை அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் செல்லம் செல்வாவிடம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க சம்பந்தி. உங்களுக்குத் தெரியாம ஒன்னும் நடக்காது. இவங்க மாறிட்டாங்களா, இல்லையா?"

செல்வா மனைவியின் வெறுங்கழுத்தைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். சாம்பல் நிறச் சால்வையைப் பார்த்தான். "என்ன பேச்சு பேசுறீங்க" என்று ஒரு வார்த்தை அவன் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பிறகு அவன், தேன்மொழியிடம், தாழ்ந்த குரலில் கேட்டான்.

"எப்போ கழட்டின?"

தேன்மொழிக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுப் போயிற்று.

பேசியது ஹஸ்னா. பாதி மலாய், பாதி தமிழ்.

"காலையில கழட்டினா. நான் கோட்டு கொண்டு வந்தேன், பார்த்தேன். உங்க சாமி முன்னால நின்னு அழுதா. சின்னப் பிள்ளை மாதிரி அழுதா. நான் ஏன்னு கேட்டேன், செருப்பு வைக்கிற தட்டுல இத வைக்க மாட்டேன்னு சொன்னா. அங்கதான் இருக்கு. போய்ப் பாருங்க."

செல்லம் எழுந்து சாமி மேடைக்குப் போனாள். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது பழைய முறுக்கு இல்லை. ஹஸ்னாவை ஏறிட்டுப் பார்க்கவே கூசினாள்.

"என் தம்பி ஐயாசாமி மதம் மாறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டான்" என்றாள். "வீட்டுல யார்கிட்டயும் சொல்லல. அவன் செத்த அன்னைக்குத்தான் தெரியும். அவங்க முறைப்படி நல்லாத்தான் அடக்கம் பண்ணாங்க, குறை சொல்லல. ஆனா வாய்க்கரிசி போட முடியாம நான் வெளிய நின்னேன். இந்தப் படத்தப் பார்த்ததும் எனக்குக் கை கால் ஓடல சம்பந்தி. மன்னிச்சிருங்க."

கீழே கிடந்த சால்வையை எடுத்து உதறி, மடித்து, பெட்டியில் மேலாக அவளே வைத்தாள். "காதை நல்லா மூடிக்குங்க. மாசியில எல்லாம் பேசினபடிதான்" என்றாள். தீபன் அப்போதுதான் தலையை நிமிர்த்திப் பிரவீனாவைப் பார்த்தான். பிரவீனா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அது அவர்கள் பாடு.

எல்லோரும் கிளம்பிப் போனார்கள். தேன்மொழி பெட்டியின் முன் உட்கார்ந்து, ஏற்கெனவே மடித்திருந்ததை மறுபடி மடித்தாள். கல்யாணம் நிலைத்துவிட்டது. மனம் மட்டும் ஆறவில்லை. செல்லத்தை அவளால் மன்னிக்க முடிந்தது. செல்லத்துக்கு அவளைத் தெரிந்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது.

செல்வா சாமி மேடையிலிருந்து தாலிக்கொடியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான்.

"போட்டுக்கிட்டே போ தேனு. மிஷின் கத்தினா கத்திட்டுப் போகுது."

"இருக்கட்டுங்க."

"நான் ஒன்னும் தப்பா நினைக்கல. சட்டுனு கேட்டதும் என்ன சொல்றதுன்னு தெரியல."

அவள் பெட்டியை மூடி, மேலே ஒரு கையை அழுத்தி, ஜிப்பை இழுத்தாள். அவன் உதவிக்குக் குனிந்தான். அவள் விடவில்லை, தானே இழுத்து முடித்தாள்.

"அத எடுத்த இடத்துலயே வையுங்க. மூணு வாரத்துல வந்துடுவேன், வந்ததும் நீங்களே போட்டுவிடுங்க" என்றாள். "அதுக்குள்ள வேற யாராச்சும் கேப்பாங்க. அப்ப என்ன சொல்லணும்னு யோசிச்சு வையுங்க."