தாம்பரத்தில் ஆலிவ் எண்ணெய்

தாம்பரம் மார்க்கெட் தெருவில் எல்லா மளிகைக் கடையிலும் கேட்டாகிவிட்டது. ஆலிவ் எண்ணெய் கடைசியில் மருந்துக் கடையில்தான் கிடைக்கிறது, உள்ளங்கை அளவு தகர டப்பாவில்.

"கொழந்தைக்குத் தேய்க்கத்தானேக்கா?" என்கிறார் கடைக்காரர்.

"இல்லண்ணா, சாப்பிட."

"இதப் போயி யாருன்னா சாப்புடுவாங்களா?"

இத்தாலியில் ஒரு கிராமத்து வீட்டில் ஆறு வருடமாக ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு; இப்போது விடுப்பில் வந்திருக்கிறேன். அங்கே குளிர் தொடங்கும்போது மரத்தடியில் வலை விரித்து ஆலிவ் காய்களை உதிர்ப்பார்கள். பிழிந்த புது எண்ணெயைச் சுட்ட ரொட்டியில் ஊற்றித் தின்பார்கள். அதையெல்லாம் தம்பிக்குக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். தொண்டையில் புற்றுநோயோடு சேலையூரில் படுத்திருக்கும் அவன் இப்போது அதில் ஒரு வாய் கேட்கிறான். கடைக்காரரிடம் சொல்கிறேன். அவர் முகம் மாறுகிறது.

"ரொட்டிய நல்லா ஊற வச்சுக் குடுங்கக்கா. அப்பதான் எறங்கும்."

வீட்டில் தம்பி எண்ணெயில் ஊறிய ஒரு ரொட்டித் துண்டை வாயில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழுங்கப் பார்க்கிறான். முடியவில்லை. துணியில் துப்பிவிட்டு, "அங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்துதானே சாப்பிடுவீங்க?" என்கிறான்.

"ஆமாம்டா" என்கிறேன். அந்த வீட்டார் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் அடுக்களையில் நின்றபடி சாப்பிடுவதை எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை.